ஊசிக்குப் பிறகு தூக்க முடியாத கை: யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணி அலுவலகம்

யாழ் நகரில் நீதிமன்றத்துக்குக் கிட்ட இருக்கும் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தைப் பற்றி இது. பெயர் போடவில்லை. சட்டத்தரணிகள் தங்களை விளம்பரம் செய்வதை அவர்களுடைய ஒழுக்க விதிகள் அனுமதிப்பதில்லை. அங்கே இருக்கும் சட்டத்தரணியும் "என்ர பேரை ஒரு இடத்திலயும் போட்டிடாதேங்கோ அக்கா" என்று கேட்டுக்கொண்டார். ஆனாலும் எழுத வேண்டும் என்று இருக்கிறது. தடுப்பூசியால் பாதிப்பு வந்தால் நட்டஈடு கேட்க வழி உண்டா என்று தேடுகிறவர்களுக்குத் தமிழில் ஒழுங்கான தகவல் கிடைப்பது குறைவு. ஒரு நல்ல சட்டத்தரணி இந்த விஷயத்தை எப்படிக் கையாண்டார் என்று தெரிந்தால், வேறு யாரிடம் போகிறவர்களும் அதே கேள்விகளைக் கேட்கலாம்.

வழக்கு என் அண்ணாவுடையது. வட்டுக்கோட்டைப் பக்கம் கள்ளுச் சீவுகிறவர். 2022 தை மாதம் மூன்றாவது கொரோனா ஊசி, ஃபைசர், இடது கையில் போட்டார்கள். அன்றைக்குச் சரியான சனம். சேட்டைக் கழற்ற நேரமில்லை, கழுத்துப் பக்கத்தால் இழுத்துத் தோளைக் காட்டினால் போதும் என்றார்கள். அன்று இரவே மூட்டுக்குள் குத்தத் தொடங்கியது. ஊசி போட்டால் எல்லோருக்கும் ஒன்றிரண்டு நாள் கை நோகும்தான். இது மாசி போய்ப் பங்குனி வந்தும் நின்றபாடில்லை. கை காதுக்கு மேல் எழும்பவில்லை. வலது கையில் கத்தி என்றால் பாளையைப் பிடிப்பது இடது கை. முட்டியை அவிழ்க்க, ஊற்ற, திரும்பக் கட்ட, இறங்கும்போது உடம்பைத் தாங்க, எல்லாவற்றுக்கும் அந்தக் கை வேண்டும். அந்தப் பனைக் காலம் முழுக்க அவர் மரத்தில் ஏறவில்லை.

ஸ்கான் எடுத்தபோது தோள் மூட்டின் மேலுள்ள சின்ன நீர்ப்பையில் வீக்கம் தெரிந்தது. ஊசி போட வேண்டிய இடம் தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே உள்ள தசை. அதற்கு மேலே போட்டால் மருந்து மூட்டுப் பக்கம் போய்விடலாம். கழுத்தால் சேட்டை இழுத்துக்கொண்டு ஊசி போடும்போது இப்படி நடக்க வாய்ப்பு அதிகம் என்று கிளினிக்கில் டொக்டர் விளங்கப்படுத்தினார். அப்படியென்றால் பிழை மருந்தில் இல்லை, போட்ட விதத்தில். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு முழுவதும் இதைச் சுற்றியே போகிறது.

நான் ஊசிக்கு எதிரான ஆள் இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் குறித்துக் கொடுத்த எந்த ஊசியும் தவறவில்லை, இனியும் தவறாது. பெரும்பான்மையினருக்கு நன்மை செய்கிற ஒரு திட்டத்தில் ஒருவருக்குக் கை போனால், அந்த ஒருவரைத் திட்டம் கைவிடக் கூடாது என்பதுதான் என் நிலைப்பாடு.

பல நாடுகள் இதை ஏற்றுக்கொண்டு சட்டமே போட்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 1979 இலிருந்து தடுப்பூசிப் பாதிப்புக் கொடுப்பனவுச் சட்டம் இருக்கிறது. பாதிப்பு 60 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று கண்டால் 120,000 பவுண் ஒரே தொகையாகக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1986 இல் சட்டம் வந்தது. ஊசி ஒவ்வொன்றிலும் அது தடுக்கிற நோய் ஒன்றுக்கு 75 சதம் வரி எடுத்து, அந்த நிதியிலிருந்து நட்டஈடு போகிறது, சட்டத்தரணியின் செலவும் சேர்த்து. கனடாவில் 2021 இல் தொடங்கினார்கள். இதையெல்லாம் ஸ்காபரோவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இஞ்ச அரசாங்கம் குடுக்குது, நீங்களும் போடுங்கோ" என்று சொல்வார்கள். ஆனால் அந்தத் திட்டங்கள் அந்தந்த நாட்டில் போட்ட ஊசிக்குத்தான். இலங்கையில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. இங்கே இருப்பவை பொதுவான வழிகள். அவற்றில் எது பொருந்தும், எதற்கு எப்போது நாள் முடிகிறது என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

அந்த அலுவலகத்துக்குப் போக முன்பு வேறொருவர் வந்தார். வெளிநாட்டு நிதியிலிருந்து காசு எடுத்துத் தருவதாகவும், படிவம் நிரப்ப முற்பணமும் வருகிற தொகையில் பங்கும் வேண்டும் என்றும் கேட்டார். கொழும்பில் ஆள் இருக்கிறது என்றார். எந்த நிதி, என்ன படிவம் என்று கேட்டால் மழுப்பினார். இப்படிப்பட்டவர்கள் ஊரில் இன்னும் திரிகிறார்கள். கவனம்.

சரி, அலுவலகம். பழைய கட்டடம், மேல் மாடி. படி செங்குத்து; கை, கால் ஏலாதவர்களுக்குக் கஷ்டம். வெளியே வாங்கு ஒன்றுதான், சனிக்கிழமை காலையில் அது நிறைந்துவிடும். முதல் ஆலோசனைக்கு 2,000 ரூபா, பற்றுச்சீட்டுத் தருகிறார்கள். சட்டத்தரணி நாற்பதுக்குள் இருக்கும் பெண். முதலில் அண்ணாவின் முகத்தைப் பார்த்துக் கதைத்தார், என்னைப் பார்த்து இல்லை. கள்ளுச் சீவுகிறவர் என்றதும் குரலின் மரியாதை மாறுகிற இடங்களுக்கும் நாங்கள் போயிருக்கிறோம். இவர் கடைசி வரைக்கும் "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ" என்றுதான் கேட்டார்.

ஊசி அட்டையைக் கேட்டார். பெயர், திகதி, ஊசியின் பெயர், அதற்குப் பக்கத்தில் தொகுதி இலக்கம், அதாவது அந்த மருந்து எந்தத் தொகுப்பில் வந்தது என்று காட்டும் எண். அந்த இலக்கத்தைத் தன் கொப்பியில் எழுதி இரண்டு கோடு போட்டார். பிறகு நாலு கேள்வி கேட்டார். ஊசிக்கு முதல் அந்தத் தோளில் எப்போதாவது நோ இருந்ததா? நோ தொடங்கியது 48 மணித்தியாலத்துக்குள்ளா? நோவும் இறுக்கமும் ஊசி போட்ட அந்தத் தோளில் மட்டுமா? வேறு எந்த வருத்தத்தாலாவது இது வந்திருக்க முடியுமா?

இந்த நாலும் அவர் கண்டுபிடித்தவை இல்லை. அமெரிக்கத் திட்டத்தில், நட்டஈடு கேட்கக்கூடிய பாதிப்புகளின் பட்டியலில் 2017 இல் தோள் காயத்தையும் சேர்த்தார்கள். அங்கே கோருகிறவர் காட்ட வேண்டிய விஷயங்கள் இவை. கொரோனா ஊசி அங்கேயும் அந்தப் பட்டியலில் இல்லை, அதற்கு வேறு திட்டம், அதில் ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். எங்கள் நீதிமன்றத்தை அந்தப் பட்டியல் கட்டுப்படுத்தாது. ஆனால் மருத்துவ ரீதியாக எதிர்த்தரப்பு எங்கே அடிக்கும் என்று பார்க்க அது நல்ல அளவுகோல் என்றார். கடைசிக் கேள்வியில் கன நேரம் நின்றார். "சீனி வருத்தம் இருக்கோ அண்ணை?" சீனி வருத்தக்காரருக்குத் தோள் தானாகவே இறுகிப் போவது சாதாரணம், எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் கேட்கும் என்றார். இரத்தப் பரிசோதனை எடுக்க அனுப்பினார். சீனி இல்லை என்று வந்தது. அந்தத் துண்டு இன்றைக்கு வழக்குக் கோவையில் இருக்கிறது.

அதன் பிறகு வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். இதை அவர் சொன்ன ஒழுங்கிலேயே தருகிறேன், ஏனென்றால் 2,000 ரூபாவின் பெறுமதி இங்கேதான் இருந்தது.

முதலில் அடிப்படை உரிமை மனு. அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், அரச நிர்வாகச் செயலால் உரிமை மீறப்பட்டால். ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். எங்களுக்கு அந்த மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், ஆணைக்குழு விசாரிக்கிற காலம் கணக்கில் சேராது என்று 1996 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆணைக்குழுவின் அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது, கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. பாதிப்புப் புதிதாக நடந்த யாராவது இதை வாசித்தால், இந்த வரிக்காக மட்டுமாவது நான் எழுதியது வீண் போகாது.

மருத்துவ சபைக்கு முறைப்பாடு: டொக்டர் ஒருவரின் தவறு என்றால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கலாம், காசு வராது. ஃபைசர் கம்பனி மேல் வழக்குப் போட முடியாதா என்று அண்ணாவின் மகன் கேட்டான். கொரோனா ஊசிகளை நாடுகள் வாங்கியபோது, வழக்கு வந்தால் பொறுப்பைத் தாங்களே ஏற்பதாக உற்பத்தியாளர்களுக்கு எழுதிக் கொடுத்துத்தான் வாங்கின. அதோடு எங்கள் முறைப்பாடு மருந்தைப் பற்றியது இல்லையே. அந்தக் கதையை அதோடு விட்டார்.

கோவாக்ஸ் நிதி. அந்த இடைத்தரகர் சொன்ன "வெளிநாட்டு நிதி" இதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. உலக சுகாதார நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து நாடுகளுக்கு ஊசி பங்கிட்ட கோவாக்ஸ் திட்டத்தோடு 2021 இல் 92 நாடுகளுக்கென ஒரு நட்டஈட்டு ஏற்பாடும் தொடங்கியது. இலங்கையும் அந்த 92 இல் ஒன்று. யாரையும் குற்றவாளி என்று நிரூபிக்கத் தேவையில்லை. நிரந்தரப் பாதிப்போ மரணமோ நேர்ந்து, ஊசியால் வந்தது என்று அவர்களுடைய மருத்துவக் குழு ஏற்றால், நாட்டின் தலா மொத்த உள்நாட்டு உற்பத்தியை 12 ஆல் பெருக்கி, பாதிப்பின் அளவுக்கு ஏற்பக் கணக்குப் பார்ப்பார்கள். அந்தக் காசை வாங்கினால் பிறகு வழக்கு என்று போக முடியாது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. சட்டத்தரணியும் தேவையில்லை.

இதை அவரே சொன்னார். "இதுக்கு நான் தேவையில்லை அக்கா, நீங்களே நிரப்பி அனுப்பலாம், டொக்டரின்ர அறிக்கை மட்டும் வேணும்" என்றார். தனக்கு வரக்கூடிய காசைத் தானே வேண்டாம் என்று சொன்ன அந்த நிமிடத்தில்தான் எனக்கு அந்த அலுவலகத்தின் மேல் நம்பிக்கை வந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை: கோவாக்ஸ் மூலம் வந்த ஊசிக்கு மட்டும். இலங்கைக்கு ஊசி பல வழிகளில் வந்தது. கோவாக்ஸ் தந்தது, மற்ற நாடுகள் நேரே தந்தது, அரசாங்கம் காசு கொடுத்து வாங்கியது. சீனா நன்கொடையாகத் தந்த 6 லட்சம் சினோஃபார்ம் ஊசியும், கோவாக்ஸில் வந்த கோவிஷீல்டும் 2021 பங்குனி மாதத்திலேயே வந்து இறங்கின, ஆனால் வழி வேறு. ஃபைசரிலும் வாங்கியதும் உண்டு, தந்ததும் உண்டு. அட்டையைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் அந்தத் தொகுதி இலக்கத்துக்குக் கீழே இரண்டு கோடு.

2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதினோம். இந்தத் தொகுதி எந்த வழியாக நாட்டுக்கு வந்தது, அன்றைக்கு அந்த நிலையத்தில் ஊசி போட்டவர்களின் பதவி என்ன, அண்ணாவின் பாதிப்பு தடுப்பூசிக்குப் பின்னரான பாதகப் பதிவேட்டில் பதியப்பட்டதா. மூன்று கேள்வி, தமிழில், ஒரு பக்கம். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மேன்முறையீடு செய்தோம், அப்புறம் பதில் வந்தது. எங்கள் தொகுதி அரசாங்கம் வாங்கியது. கோவாக்ஸ் கதவு மூடிக்கொண்டது. அண்ணா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்தான் எங்களைத் தூக்கி நிறுத்தியது. அண்ணா முதல் கிழமையே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் போய்ச் சொன்னது பதிவில் இருந்தது, திகதியோடு. 48 மணித்தியாலக் கேள்விக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஊசிக்குப் பிறகு ஏதாவது வித்தியாசமாக இருந்தால் வாய்ப்பேச்சோடு விடாமல் பதியச் செய்யுங்கள். அந்தப் பதிவேடு நோயைக் கண்காணிக்க வைத்திருப்பது. வழக்கிலும் அது இப்படி உதவுகிறது.

மிச்சம் இருந்த வழி மாவட்ட நீதிமன்றம். கவனக்குறைவால் வந்த நட்டத்துக்கான வழக்கு. 1969 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ், அரச ஊழியர் வேலையில் செய்த தவறுக்கு அரசின் மேலும் வழக்குப் போடலாம். காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இரண்டு வருடம் தருகிறது. அரசுக்கு எதிராக என்றால் வழக்குக்கு ஒரு மாதம் முன்னதாகவே எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், குடியியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 461 ஆம் பிரிவு. எங்களுக்கு 2024 தையில் நாள் முடிகிறது. அவர் நாட்காட்டியை எடுத்துப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, அறிவித்தல் எந்தத் திகதிக்கு முன் போக வேண்டும் என்று அண்ணாவின் கிளினிக் கொப்பியின் மட்டையிலேயே எழுதிக் கொடுத்தார். யாருக்கு அறிவித்தல் என்பதிலும் சிக்கல் இருந்தது. யாழ் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சுக்குக் கீழ். ஆனால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் மாகாணத்துக்குக் கீழ். தவறான ஆளுக்கு அனுப்பினால் அந்த மாதமும் வீண். அவர் இரண்டு பக்கத்துக்கும் அனுப்பினார்.

வழக்கு எவ்வளவு கஷ்டம் என்பதையும் மறைக்கவில்லை. 2001 இல் உயர் நீதிமன்றம் தீர்த்த ஒரு குழந்தையின் வழக்கைச் சொன்னார். மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபா கொடுக்கச் சொல்லியிருந்தது. உயர் நீதிமன்றம் வைத்தியரின் கவனக்குறைவை ஏற்றது. ஆனால் குழந்தை இறந்தது அந்தக் கவனக்குறைவால்தான் என்பது நிரூபணமாகவில்லை என்று சொல்லிவிட்டது. பெற்றோருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "பிழை நடந்தது எண்டு காட்டுறது பாதி வழிதான் அண்ணை, அந்தப் பிழையாலதான் கை போனது எண்டு காட்டவேணும்." அதற்கு ஒரு எலும்பு வைத்திய நிபுணர் நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். இன்னொரு அரச ஊழியருக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரும் லேசில் வர மாட்டார்கள். அதைத் தேடுவதில்தான் எங்களுக்கு அதிக காலம் போனது.

நட்டத்தைக் காட்டுவது எப்படி என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. சம்பளச் சிட்டை உள்ளவருக்கு லேசு. கள்ளுச் சீவுகிறவருக்கு என்ன சிட்டை? சட்டத்தரணிதான் கேட்டார், "சங்கத்துக்குக் குடுக்கிறனீங்களோ?" பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கத்தில் தினமும் அளந்த கள்ளுக்குக் கணக்குக் கொப்பி இருக்கிறது. மச்சாள் அதை அரிசிப் பெட்டிக்கு மேல் ஒரு துணிப் பைக்குள் வைத்திருந்தார். ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை போத்தில், என்ன விலை, கையெழுத்து. 2021 பனைக் காலத்துப் பக்கங்கள் கள்ளுக் கறையோடு நிறைந்திருந்தன. 2022 தை நடுப்பகுதியில் எழுத்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வெறும் கோடு போட்ட தாள்தான். சட்டத்தரணி அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரதி எடுக்கச் சொன்னார், வெறுந்தாள் உட்பட. சங்கத்திலும் ஒரு கடிதம் வாங்கினோம். நாட்கூலி, மீன்பிடி, தோட்டம் செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்: சங்கக் கணக்கு, சந்தையில் போட்ட துண்டு, எதுவும் வருமானத்துக்கு ஆதாரமாகலாம்.

வழக்கு 2023 முடிய முன்பே யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் போடப்பட்டுவிட்டது. தமிழிலேயே நடக்கிறது, வடக்கு கிழக்கில் அது எங்கள் உரிமை. இன்னும் முடியவில்லை. தவணை தவணையாகப் போகிறது. அண்ணா இப்போது மரம் ஏறுவதில்லை, சங்கத்தில் கள்ளு அளக்கிற இடத்தில் உதவிக்கு நிற்கிறார்.

குறைகள் உண்டு. தொலைபேசியில் பிடிப்பது கஷ்டம்; நீதிமன்ற நாட்களில் பின்னேரம் வரைக்கும் யாரும் எடுப்பதில்லை. எழுதுவினைஞர் பொறுமையில்லாதவர், வயதானவர்களை ஒருமுறைக்கு மேல் கேட்க விடமாட்டார். கொழும்புக்குப் போகிற கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி நாங்களாகக் கேட்க வேண்டியிருந்தது; கேட்டால் முகம் சுளிக்காமல் வாசிப்பார்கள். கட்டணம் கட்டம் கட்டமாக, முன்னதாகவே எழுதித் தந்துதான் வாங்குகிறார்கள். வருகிற தொகையில் பங்கு கேட்கவில்லை. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது குறைந்த காசு இல்லை. மச்சாளின் சங்கிலி அடகில் இருக்கிறது.

அந்தக் காசும் இல்லாதவர்களுக்கு 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் நிலையம் உண்டு. வருமான எல்லைக்குள் வருகிறவர்களுக்கு இலவசமாகப் பார்ப்பார்கள். தன்னிடம் காசில்லாமல் வந்த ஒரு அம்மாவை இந்தச் சட்டத்தரணியே அங்கே வழிகாட்டி அனுப்பியதை வாங்கில் இருந்தபடி பார்த்தேன்.

இன்னொன்றையும் அதே வாங்கில் இருந்து பார்த்தேன். ஊசி போட்ட பிறகு தன் தகப்பனுக்குச் சீனி வந்துவிட்டது, வழக்குப் போட வேண்டும் என்று ஒரு தம்பி வந்தார். சட்டத்தரணி அறிக்கைகளை வாங்கிப் பார்த்தார். ஊசிக்கு முந்திய வருடமே சீனி கூடத்தான் இருந்தது. அதைக் காட்டி, இதற்கு வழக்கு இல்லை தம்பி, அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ என்று சொல்லி, ஆலோசனைக் காசையும் வாங்காமல் அனுப்பினார். வழக்கு இல்லாத இடத்தில் "இல்லை" என்று சொல்லக்கூடியவர், "உண்டு" என்று சொன்னால்தான் நம்பலாம்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை குறைத்தது தொலைபேசிக்கும் அந்த எழுதுவினைஞருக்கும். யாரிடம் போனாலும் கொண்டு போக வேண்டியவை: ஊசி அட்டை, கிளினிக் கொப்பி, ஸ்கான் அறிக்கை, இரத்தப் பரிசோதனை, ஊசி போடும்போது பக்கத்தில் நின்றவரின் பெயர், விலாசம், வருமானத்துக்கு ஏதாவது ஒரு கணக்கு. அட்டை தொலைந்திருந்தால் முதலில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். ஊசி போட்ட திகதியை நாட்காட்டியில் பார்த்து, இரண்டு வருடம் எப்போது முடிகிறது என்று எண்ணிக்கொண்டு போங்கள். அரசுக்கு எதிரான வழக்கு என்றால் அதிலும் ஒரு மாதத்தைக் கழித்துவிடுங்கள்.